காலி நாற்காலியின் தலைமையில்

கடையில் வாங்கின குடை பிடிக்கவில்லை என்றால் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார், அவ்வளவுதான். அரசாங்கம் நெஞ்சில் குத்திவிட்ட பதக்கத்தை மட்டும் திருப்பிக் கொடுக்க முடியாது. இந்த விவரம் முன்னாடியே தெரிந்திருந்தால் நான் பாட்டுக்கு என் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து நாலு பேருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். அத்தானோடு போய் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்திருக்க மாட்டேன்.

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். போர் விமானம் ஓட்டினவர். சண்டை முடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இப்போது தண்ணீர் பம்பு விற்கும் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். நல்ல மனுஷன். ஒரே ஒரு கோளாறு. அவருடைய இடது பக்கத்தை யாரும் தொடக்கூடாது.

நடக்கும்போது இடது பக்கம் ஒரு ஆள் வருவதற்கு இடம் விட்டுத்தான் நடப்பார். நடைபாதையில் எதிரே கூட்டம் வந்தாலும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டார், தெருவில் இறங்கிப் போவார். சோபாவில் உட்கார்ந்தால் இடது பக்கம் காலி. காரில் அவர் ஓட்டினால் பக்கத்து சீட்டு காலி. அக்கா கல்யாணமாகி வந்ததிலிருந்து பின் சீட்டுதான். தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள் அவளைப் பெரிய அதிகாரி என்றும் இவரை டிரைவர் என்றும் நினைத்து, அக்காவுக்கு மட்டும் வணக்கம் சொல்வார்கள். அவளும் பழகிப்போய்த் தலையாட்டுவாள்.

ஒரு தடவை ஏதோ ஞாபகத்தில் நான் அந்த முன் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளேயிருந்து சோப்பு வாசனை வந்தது. அப்போதுதான் குளித்துவிட்டு வந்த ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அத்தான் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு ஜலதோஷம், மூக்கு சரியில்லை என்று வழி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

சோப்பு என்பது ஒரு ஆளின் பட்டப்பேர். அத்தானுடைய சிநேகிதர். காலையில் குளிப்பார், மத்தியானம் குளிப்பார், விமானத்தில் ஏறுவதற்கு முன்னால் இன்னொரு தரம் குளிப்பார். சொந்தப் பேர் ஒன்று இருந்தது, அது அவர் பொண்டாட்டிக்கும் சம்பளப் பட்டியலுக்கும் மட்டும்தான் தெரியும். வானத்தில் அத்தான் முன்னால் போவார், சோப்பு இடது பக்கம் கொஞ்சம் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவார். அத்தானின் முதுகைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை.

ஒருநாள் கடலுக்கு மேலே மேகத்துக்குள் போனார்கள். அன்றைக்கு நடந்ததைப் பதக்கங்களைக் கவனிக்கிற துறை இரண்டு தனித்தனிச் சம்பவமாக எழுதி வைத்திருக்கிறது. ஒன்று, அத்தான் ஒரு எதிரி விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார். இரண்டு, சோப்பு காணாமல் போனார். இடமும் ஒன்று, நேரமும் ஒன்று, மேகமும் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று ஒரு புண்ணியவானுக்கும் தோன்றவில்லை. முதலாவதற்குப் பதக்கம் கொடுத்தார்கள். இரண்டாவதற்கு, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சோப்பின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். இந்த வருஷ வெற்றி விழாவில் அத்தான் பக்கத்தில் வந்து நின்று பேசியிருக்கிறார். வீட்டு கேட் திறந்தால் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறதாம், எண்ணெய் விடச் சொல்லி அக்கம்பக்கம் சண்டையாம். எண்ணெய் விட்டால் வீட்டுக்காரர் வருகிற சத்தம் தனக்குக் கேட்காமல் போய்விடுமோ என்று விடவில்லையாம். அதற்குள் மேடையில் வழக்கம்போல அத்தானின் வீரச்செயலை வாசித்தார்கள். 'தடுமாறி ஆடிக்கொண்டிருந்த எதிரி விமானத்தைக் கண்ட கணமே' என்று ஆரம்பிக்கும். டீச்சர் கை தட்டினார்.

வீட்டுக்கு வந்து அத்தான் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். அது எதிரி விமானம் இல்லை. ரேடியோ செத்துப்போனால், அந்த விமானத்தை ஓட்டுகிறவன் முன்னால் வந்து றெக்கையை ஆட்டிக் காட்டவேண்டும். அது அவர்கள் வழக்கம், வாய் போனால் கையை ஆட்டுவது போல. சோப்பு முன்னால் வந்து ஆட்டினார். அத்தான் அப்போதுதான் மேகத்திலிருந்து வெளியே வந்தார், கண்ணில் வெயில். எதிரே ஏதோ ஒன்று ஆடுவது மட்டும் தெரிந்தது. சுட்டுவிட்டார்.

அக்கா அழுது முடித்த பிறகு, நேரே டீச்சரிடம் போய்ச் சொல்லுங்கள் என்றாள். அத்தான் போகாமல் இல்லை. பல தடவை போயிருக்கிறார். கேட்டைத் திறந்ததும் அது கத்தும், டீச்சர் ஓடிவருவார், அந்த முகத்தைப் பார்த்ததும் இவருக்கு நாக்கு உள்ளே போய்விடும். இந்தப் பக்கமா வந்தேன் என்று சொல்லி ஒரு காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். அதனால் புது யோசனை ஒன்று வைத்திருந்தார். பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. துறை விசாரிக்கும், சம்பவத்தைத் திருத்தும், விஷயம் துறை மூலமாகவே டீச்சருக்குப் போய்விடும்.

"கோழைத்தனத்துக்கும் பதக்கம் உண்டான்னு அப்படியே கேட்டுட்டு வாங்க" என்றாள் அக்கா. துணைக்கு என்னை அனுப்பினாள்.

பதக்கப் பராமரிப்புத் துறையின் கட்டடத்தைப் பார்த்தால் சண்டையே அங்கேதான் நடந்தது என்று தோன்றும். வாசலில் பித்தளைத் தகடு, உள்ளே பித்தளைக் கைப்பிடி, நடுவில் சிவப்புக் கம்பளம். கம்பளத்தில் மனுக்காரர்கள் நின்று நின்று தேய்ந்த இரண்டு பாதத் தடம். அத்தான் அதில் காலை வைத்து நின்றார், அளவெடுத்தது போல இருந்தது. நான் அவர் வலது பக்கம் நின்றேன்.

கவுன்ட்டர்காரர் பதக்கத்தை வாங்கிப் பார்த்து, பாலிஷா என்று கேட்டார். திருப்பித் தருகிறேன் என்றார் அத்தான். ரிப்பன் கிழிந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, எனக்கு வேண்டாம் என்றார் அத்தான். கவுன்ட்டர்காரருக்கு இது புரிந்ததாகவே தெரியவில்லை. பாவம், அந்த ஜன்னலுக்கு உள்ளேயிருந்து வெளியேதான் எதுவும் போகும். உள்ளே எடுத்துக்கொண்டு போய், பளபளவென்று தேய்த்து, புது ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடுத்த ஆள் என்றார். வீரச்செயல் வாசகத்தையும் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். வயசாகிறதே, படிக்க வசதியாக இருக்குமாம்.

அடுத்த முறை மனு எழுதிக்கொண்டு செயலாளரிடமே போனோம். செயலாளர் சட்டையில் இடது பக்கம் அத்தனை பதக்கம் தொங்கியது. அந்தப் பாரத்தில் மனுஷன் நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தார். விமானத்தில் ஏறினால் தலை சுற்றும் என்று அவரே சொன்னார். பதக்கங்கள் எல்லாம் பதக்கம் வழங்கியதற்காகக் கிடைத்தவை. அத்தான் சொன்னதை முழுக்கப் பொறுமையாகக் கேட்டார். நம்பவும் செய்தார்.

"நீங்க சொல்றது உண்மைதான். அப்பவே எங்களுக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றார். "ஆனா பாருங்க, அந்தப் போர்ல அவங்க வீழ்த்தினதைவிட நாம வீழ்த்தினது ஒண்ணே ஒண்ணுதான் ஜாஸ்தி. அந்த ஒண்ணு உங்களோடது. அதைக் கழிச்சா சமமாயிடும். சமமா முடிஞ்ச சண்டைக்கு எவனாவது வெற்றி வளைவு கட்டுவானா? விழா எடுப்பானா? இந்தத் துறைதான் எதுக்கு? ஒரு ஆள் செத்ததை ஒத்துக்கறதுக்காக இத்தனை பேர் வேலைய விட முடியுமா, நீங்களே சொல்லுங்க."

காணாமல் போனவர் பாடு என்ன என்று அத்தான் கேட்டார். காணாமல் போனது கணக்கிலேயே வராது, கவலைப்படாதீர்கள் என்றார் செயலாளர். பிறகு எழுந்து வந்து, இவ்வளவு மனசாட்சி உள்ள வீரரைத் தான் பார்த்ததே இல்லை என்று சொல்லி, மனசாட்சிப் பதக்கம் என்று ஒன்றை எடுத்து அத்தான் சட்டையில் குத்திவிட்டார். பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் வந்து கை தட்டினார்கள். திருப்பிக் கொடுக்கப் போனவர் இரண்டாக வாங்கிக்கொண்டு வந்தார். அதையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார், நடக்கும்போது அவை ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டே வந்தன. காரில் ஏறியதும் இடது பக்கம் திரும்பி, மன்னிச்சுக்கடா என்று மெதுவாகச் சொன்னார். எனக்குச் சொன்னதாக நினைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். நான் பின்னால் அல்லவா உட்கார்ந்திருந்தேன்.

மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம் என்று சொன்னது அங்கே சுருக்கெழுத்து எழுதும் அம்மாள். குழுவின் தலைவர் சொன்னால் சொன்னதுதான், செயலாளரே மாற்ற முடியாது என்றார். தலைவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். ரொம்ப அமைதியானவர் என்றார். சொல்லும்போது அந்த அம்மாள் தன் கழுத்தைத் தடவிக்கொண்டது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

குழு கூடிய மத்தியானம் எங்களை ஒரு நீள அறையில் நிறுத்தினார்கள். நீள மேசை, இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள், அதில் ஒருவர் ஏற்கெனவே தூக்கம். நடுவில் உயரமான நாற்காலி, அதில் ஆள் இல்லை. முன்னால் தங்கப் பின்னல் போட்ட தொப்பி, ஒரு கண்ணாடிக் கிளாஸில் டீ, ஆவி பறந்துகொண்டிருந்தது. அந்த நாற்காலிக்கு மட்டும் தனியாக ஒரு மின்விசிறி. திடீரென்று கதவை இரண்டாகத் திறந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். தூங்கினவரும் நின்றார். யாரும் வரவில்லை. கதவைச் சாத்தினார்கள், எல்லோரும் உட்கார்ந்தார்கள். சோப்பு வாசனை அடித்தது. சத்தியமாக அன்றைக்கு எனக்கு ஜலதோஷம் இல்லை.

அத்தானைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

செயலாளர் விளக்கினார். காணாமல் போனவர் இறந்தவர் ஆகமாட்டார், ஆகவே பணியில் இருப்பவர். பணியில் இருப்பவருக்கு வரிசைப்படி பதவி உயர்வு வந்தே தீரும். தலைவர் ஒருநாள் லீவு எடுத்ததில்லை, யாரோடும் சண்டை போட்டதில்லை, ஒரு புகார் கிடையாது. அவரோடு சேர்ந்த மற்றவர்கள் எல்லாம் எங்கேயாவது வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டபோது இவர் மட்டும் மேலே மேலே போய்விட்டார். "சொல்லப்போனா எங்க துறையிலேயே இவரை மாதிரி ஒரு தலைவர் அமைஞ்சதில்ல. எதைக் கொண்டுபோய் வெச்சாலும் தடுக்க மாட்டாரு. மௌனமா இருந்தா சம்மதம்னு விதி. இந்த நாற்காலியிலேருந்து வர்றது எதுவா இருந்தாலும் அதுதான் தீர்ப்பு, அப்படியே எழுதியாகணும்."

அத்தான் யாரைக் கொன்றேன் என்று சொல்ல வந்தாரோ, அந்த ஆளே தீர்ப்புச் சொல்லவேண்டும். இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கமுடியாது என்று நினைத்தேன். இருந்தது. மனு தலைவரைப் பற்றியது என்பதால் அவர் குடும்பத்திலிருந்து ஒருவர் வரவேண்டும் என்று விதி, ஆகவே விஷயம் என்ன என்று சொல்லாமல் ஆள் அனுப்பி டீச்சரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். நல்ல உடுப்பு போட்டு, தலையை அழுந்த வாரி, மடியில் ஒரு துணிப்பை. திறந்த பையில் ஆம்பளைச் சட்டை ஒன்று, ஒரு துண்டு, மேலே ஒரு புதுக் குளியல் சோப்பு. கிடைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு அந்தக் கட்டடத்துக்கே தீ வைக்கலாம் போல வந்தது.

அத்தான் டீச்சரைப் பார்த்தார். வழக்கம்போல இடது பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாக நேரே திரும்பி நாற்காலியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"சோப்பு, ரேடியோ செத்துப்போச்சுன்னு சொல்லத்தானே முன்னாடி வந்த. றெக்கைய ஆட்டின. எனக்கு நீன்னு தெரியலடா. எதிரின்னு நெனச்சேன். நான்தான் சுட்டேன். நீ விழும்போதுதான் வால்ல இருந்த நம்பரைப் பாத்தேன். கீழ வந்து எல்லாரும் கை குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். அன்னிலேருந்து உன் பொண்டாட்டி கேட் சத்தத்துக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கு. சொல்ல வாய் வரல."

மின்விசிறி சுற்றியது. தொப்பியின் பின்னல் லேசாக ஆடியது. எல்லோரும் அந்த நாற்காலியையே பார்த்தார்கள், நானும் பார்த்தேன், ஏதாவது சொல்லிவிடுமோ என்று பயமாக இருந்தது. செயலாளர் பணிவாக அதன் பக்கம் குனிந்து, கொஞ்சம் காத்திருந்து, நிமிர்ந்தார். தலைவர் மௌனம், ஆகவே மனு தள்ளுபடி என்றார். இவ்வளவு துணிச்சலாகப் பேசியதற்காக மனுதாரருக்கு நாவீரப் பதக்கம் வழங்கலாமா என்று இன்னொரு தரம் குனிந்தார். அதற்கும் மௌனம். சம்மதம் என்றார்.

டீச்சர் எழுந்து வந்தார். பை கையிலேயே இருந்தது.

"பாராசூட்?"

"திறக்கல, டீச்சர்."

"ரொம்ப நேரம் கஷ்டப்பட்டாரா?"

"இல்ல. உடனே."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார், ஒரு பையன் போட்ட கணக்கைச் சரிபார்த்த மாதிரி. எப்போதும் அண்ணா என்று கூப்பிடுகிறவர், அந்த இரண்டு கேள்வியிலும் அண்ணா இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் போனார். தொப்பியை எடுத்து உள்ளே பார்த்தார், கையைவிட்டு அளந்தார்.

"இது அவர் தலைக்குப் பெருசு" என்றார்.

பதவி உயர உயரத் தொப்பியும் பெரிதாகும், அது வழக்கம் என்றார் செயலாளர். டீச்சர் அதை அவர் கையில் கொடுத்தார். டீ கிளாஸைத் தொட்டுப் பார்த்து, ஆறிப்போச்சு, எடுத்துட்டுப் போங்க என்றார். அப்புறம் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மறுபடி தூங்கிப்போயிருந்த உறுப்பினர் சத்தம் கேட்டு விழித்து, நாற்காலியில் ஆள் இருப்பதைப் பார்த்து வெலவெலத்துப் போய் சல்யூட் அடித்தார்.

"என் வீட்டுக்காரர் செத்துட்டார்" என்றார் டீச்சர். "எழுதிக்கோங்க."

எழுதாதீர்கள் என்று செயலாளர் சொல்லி முடிப்பதற்குள் சுருக்கெழுத்து அம்மாள் எழுதி முடித்திருந்தார். இத்தனை காலமாக அந்த நாற்காலியிலிருந்து எதுவும் வராமலே எழுதினேனே, இப்போது வந்ததை எழுதாமல் எப்படி விடுவது என்று கேட்டார். செயலாளருக்கு வேர்த்துவிட்டது. டீச்சர் முன்னால் மண்டிபோடாத குறை.

"அம்மா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அவர் செத்துட்டார்னா அவர் சம்மதிச்சது ஒண்ணும் செல்லாது. என் பதவி செல்லாது, இந்தப் பதக்கம் ஒண்ணுகூட செல்லாது. உயிரோட இருக்கிற எங்க எல்லாரையும் தாங்கிப் பிடிச்சிருக்கிறதே அவர்தான். இன்னும் கொஞ்ச நாள் அவர் காணாமலே இருக்கட்டுமே. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

டீச்சர் பதில் சொல்லவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மௌனம் சம்மதம் என்று இந்தத் தடவை செயலாளர் சொல்லத் துணியவில்லை.

துறை பிற்பாடு என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மூடிவிட்டார்களாக்கும் என்று யாராவது நினைத்துக்கொள்வீர்கள். அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார்கள். தலைவர் இறந்துவிட்டார், எப்போது இறந்தார் என்பதை முடிவுசெய்ய ஒரு குழு. அந்தக் குழு முடிவு சொல்லும்வரை தலைவரே தலைவர். வளைவு அப்படியே நிற்கிறது, விழாவும் நடக்கிறது. நாற்காலியில் இனி யாரும் உட்கார்ந்துவிடாதபடி ஒரு பட்டுக் கயிறு கட்டியிருக்கிறார்களாம்.

நாங்கள் வெளியே வந்தோம். அத்தான் பதக்கங்களை மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். நான் பழக்கப்படி பின் கதவைத் திறந்தேன். டீச்சர் காரைச் சுற்றிக்கொண்டு போய் முன் கதவைத் திறந்து, இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். அத்தான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றபடியே பார்த்தார். அந்த சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க" என்றார் டீச்சர். "பஸ்ஸுல அழ முடியாது. அதான்."

அத்தான் ஏறினார். வண்டி கிளம்பும்போது துறையின் பியூன் ஒரு உறையைத் தூக்கிக்கொண்டு, சார், சார், விட்டுட்டுப் போறீங்க என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். உறைக்குள் பதக்கங்கள் சலசலத்தது எங்களுக்கே கேட்டது. யாரும் திரும்பவில்லை. தெரு முனைவரை ஓடிவந்து பார்த்துவிட்டு அவர் நின்றுவிட்டார்.

டீச்சர் சத்தமில்லாமல் அழுதார். வழியில் ஒரு தடவை, கேட்டுக்கு எண்ணெய் விடணும், வீட்ல இருக்கான்னு தெரியல என்றார். அத்தான் ஒரு கடையோரமாக நிறுத்தினார். நான் இறங்கிப்போய் ஒரு சின்ன டப்பா எண்ணெய் வாங்கிக்கொண்டு வந்து முன்னால் நீட்டினேன். அதையும் பைக்குள் அந்தச் சட்டைமேல் வைத்துக்கொண்டார்.

கார் முழுக்கச் சோப்பு வாசனை. அத்தானின் தலை தன்னால் இடது பக்கம் திரும்பியது. டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தப் பக்கம் நான்தான் இருக்கேன்" என்றார். "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."